வைட்டமின் சி சீரம்: பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஃபேன்ஸி ஸ்டோரிலோ மெடிக்கலிலோ சீரம் விலை கேட்கிறவர்கள் திருப்பூரில் இப்போது நிறையப் பேர். 200 ரூபாயிலிருந்து 700 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. ஆனால் அது ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம். அதனால் விவரம் தெரிந்து வாங்குங்கள்.

எதற்குப் பூசுவது?

பரு ஆறிய இடத்தில் தங்கிவிடும் கருப்பையும், வெயிலில் களையிழந்த முகத்தையும் வைட்டமின் சி மெதுவாகச் சரிசெய்யும். தோலில் மெலனின் உருவாவதை ஓரளவு மட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. வித்தியாசம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பிறந்த நிறத்தை இது மாற்றாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு கன்னத்திலும் படரும் மங்குக்கு இது மட்டும் போதாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சீரத்தை விட்டுவிட்டு சன்ஸ்கிரீன் வாங்குங்கள். வெயிலைத் தடுக்காமல் சீரம் மட்டும் பூசினால், இரவில் மங்கிய கருப்பு மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே திரும்பத் தொடங்கிவிடும்.

எந்தப் பாட்டில்?

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். வைட்டமின் சி பல வடிவங்களில் வருகிறது. அதிகம் ஆராயப்பட்டது எல்-அஸ்கார்பிக் அமிலம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னல் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் இந்த அமிலம் தோலுக்குள் இறங்கும். 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்தாலும் கூடுதலாக உள்ளே போவதில்லை. ஆகவே 25, 30 சதவீதம் என்று போட்டிருந்தால் அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

சாயப்பட்டறையில் இருப்பவர்களுக்கு பி.எச். 3.5 என்றால் எவ்வளவு புளிப்பு என்று தெரியும். அயர்னிங் டேபிளில் நாளெல்லாம் ஆவியிலும் வியர்வையிலும் நின்று சிவந்த முகத்தில் அதைப் பூசினால் எரியும். முதல்முறை பூசுகிறவர்களுக்கு எத்தில் அஸ்கார்பிக் அமிலம் உள்ளதைத்தான் நான் சொல்வேன். எரிச்சல் குறைவு, சீக்கிரம் கெடாது. ஜெய்ப்பூர் நிறுவனமான மினிமலிஸ்ட் விற்கும் 10 சதவீத சீரம் இந்த வகை. வேறு கம்பெனிப் பாட்டிலிலும் இந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

அளவிலும் கணக்குப் பாருங்கள். ஒரு வேளைக்கு 4 சொட்டு போதும், அது சுமார் 0.2 மில்லி. தினமும் பூசினாலும் 15 மில்லி பாட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். 30 மில்லி வாங்கினால் ஹாஸ்டல் தோழியோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள், சொட்டுக்குழாய் மட்டும் முகத்தில் படக்கூடாது.

வாங்கவே கூடாதவை

தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத க்ரீமைத் தொடாதீர்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் என்று கைக்குக் கை மாற்றி விற்கும் டப்பாக்களைத்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். க்ரீமில் பாதரசம் இருந்தது. முகத்துக்குப் பூச வந்த பொருள் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை ஹாஸ்டலில் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமும் அப்படித்தான்: முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து முகமெல்லாம் சிவக்கும். டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கவே கூடாது.

லிம்சி மாத்திரையைப் பொடித்துப் பூசுவதும் வேண்டாம். அது சப்பிச் சாப்பிடச் செய்தது, அதில் சர்க்கரையும் நிறமும் இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கருக்கும்.

முதலில் சோதனை

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, மூன்று இரவு. அரிப்போ தடிப்போ வராவிட்டால் முகத்துக்குப் போகலாம்.

பூசும் முறை

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிய பின் இரவில் பூசுங்கள். பஞ்சுத் தூசி போக சாதாரண ஃபேஸ்வாஷ் போதும், தேய்க்க வேண்டாம். முகத்தை ஒற்றித் துடைத்து, உலர்ந்த பிறகு 4 சொட்டு, அதன் மேல் மாய்ஸ்சரைசர். பரு க்ரீம், ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் இருந்தால் அதே இரவில் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாலை முழுவதுமாக நிறுத்த வேண்டும். வைட்டமின் சி பொதுவாகப் பாதுகாப்பானது, இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தோல் பழகியதும் காலைக்கு மாற்றலாம். சீரம், அதன் மேல் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம்.

காலையில் பூசுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேலைக்கு உட்காரக் கூடாது. சீரமும் சன்ஸ்கிரீனும் வெள்ளைத் துணியில் பட்டால் கறை. செக்கிங்கில் பீஸ் திரும்பினால் பேச்சுக் கேட்பது நீங்கள்தான்.

பாட்டிலை எங்கே வைப்பது?

திருப்பூரில் சீரம் கெடுவதற்கு முக்கியக் காரணம் வீட்டுச் சூடு. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீட்டுக்குள் மத்தியானம் இருக்க முடியாது. வைட்டமின் சி-யும் அங்கே தாங்காது. சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் டப்பாவைத் திறந்து போட்டால் வீரியம் போகிறதே, அதே மாதிரி இதுவும் காற்றுப் பட்டால் வீணாகும். ஜன்னல் ஓரமும் பாத்ரூம் அலமாரியும் கூடாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் கதவுப்பக்கம் வையுங்கள். இல்லையென்றால் அட்டைப் பெட்டியோடு துணி அடுக்கின் நடுவில், தரையை ஒட்டிய தட்டில். தண்ணீர் மாதிரி இருந்தது தேன் நிறத்துக்கு வந்துவிட்டால் பூசாதீர்கள், பலனும் இருக்காது, தலையணை உறையும் மஞ்சளாகும்.

எப்போது நிறுத்துவது?

முதல் சில நிமிடம் லேசாகக் குறுகுறுத்தால் பரவாயில்லை. எரிச்சல் அரைமணி நேரம் நின்றாலோ, தோல் உரிந்தாலோ, முகம் வீங்கினாலோ கழுவிவிட்டு நிறுத்துங்கள். சாயம், பிளீச்சிங் வேலையில் ஏற்கெனவே கையிலோ முகத்திலோ ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கும் போகலாம். போகும்போது, பூசிய பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.