முந்திரிப்பழச் சாறு: தொழிலும் சட்டமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கம்மாபுரம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளுக்குச் செல்வோர் யாவரும் ஒரு காட்சியைக் காண்பர். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டபின், பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகும். கொட்டையைக் காட்டிலும் பழத்தின் எடை பல மடங்கு மிகுதி. அதில் உள்ள வைட்டமின் 'சி' சத்தோ ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில் மரங்களைப் பறிகொடுத்து, மீண்டும் கன்று நட்டு வளர்த்த நம் விவசாயிகள், விளைச்சலின் பெரும்பகுதியை மண்ணுக்கு விட்டுவிடுதல் தகுமா?

"மேல்நாட்டில் ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் 'சைடர்' என விற்கின்றனர். கோவாவில் முந்திரிப் பழத்திலிருந்து 'பெனி' காய்ச்சுகின்றனர்; அதற்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் மட்டும் ஏன் செய்யலாகாது?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் முதலீடு செய்வதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

சட்டம் கூறுவது

1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, கள், சாராயம், ஒயின், பீர் மட்டுமன்றி, ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் மதுவேயாகும். அரசின் உரிமமின்றி அதனை உற்பத்தி செய்வது குற்றம். மதுவின் சில்லறைக் கடை விற்பனையும் 2003 முதல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் கையில் உள்ளது. ஆகவே, வீட்டுப் பானையில் சைடர் செய்து சந்தையில் விற்பதற்கு இங்கு இடமில்லை. கோவாவின் சட்டம் வேறு. நம் சட்டம் வேறு.

அறியாமல் நேரும் பிழை

பழத்தோலில் இயல்பாகவே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் படிந்துள்ளது. அது சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். 1 லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை உண்டு. அதில் 9 கிராம் அளவே நொதித்தாலும் ஆல்கஹால் 0.5 சதவீதத்தை எட்டிவிடும். அதற்கு மேற்பட்டதை உணவுப் பாதுகாப்பு விதிகளும் மதுபானம் என்றே கொள்கின்றன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாவிடில் கள் என்பதை நம் முன்னோர் அறிவர். முந்திரிச் சாற்றின் நிலையும் அதுவே. காலையில் சர்பத்தாக இருப்பது, கவனியாவிடில் விரைவில் மதுவாகிவிடும்.

செய்முறை

அன்று உதிர்ந்த, அடிபடாத பழங்களையே எடுக்க வேண்டும். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆதலின் ஓடு உடையாமல் திருகி நீக்குக. பழங்களை நன்கு கழுவிப் பிழிக. இரும்புப் பாத்திரம் கூடாது. துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்து சாறு கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

துவர்ப்பை நீக்க, 1 லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் கலந்து குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கசடு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்க. தெளிந்த சாறு 1 லிட்டருக்குச் சர்க்கரை 2 கிலோவும், சிட்ரிக் அமிலம் 15 கிராமும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, கொதிநீரில் இட்டெடுத்த புட்டிகளில் சூடாகவே நிரப்பி மூடுக. சூடு ஈஸ்ட்டைக் கொல்லும். மிகுந்த சர்க்கரை அது மீண்டும் வளராமல் தடுக்கும். பின்னர் புட்டியில் நுரையோ குமிழியோ தோன்றினால் அதனை விற்கலாகாது, கொட்டிவிடுக.

தொடங்கும் முன்

சிறு அளவில் விற்பதாயினும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புட்டியின் மேல் தயாரித்த நாள், சேர்பொருள்கள், பதிவெண் ஆகியன இருத்தல் வேண்டும். விருத்தாசலத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. அதன் ஆலோசனையை நாடுக. ஒருவர் தனித்து முயல்வதைவிட, மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து ஒரே பிழிபொறியை வாங்கிப் பயன்படுத்துவது சிக்கனம்.

பழம் விழுவது இரண்டு மூன்று மாதங்களே. முதலாண்டில் சிறிதளவு செய்து, சுவையையும் சந்தையையும் அறிந்தபின் பெருக்குக. வழக்குக்கு அஞ்சாமல் நடத்தும் தொழிலே குடும்பத்துக்கு நிலைத்த வருவாய் தரும்.