கெப்புக்கு ரெக் அடிக்கும் முன்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஓடும் ஏ4 வீதியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், டபிள் கெப்புகள் எதையெல்லாம் சுமக்கின்றன என்று தெரியும்: பீ.வீ.சி. குழாய், ஏணி, ஜன்னல் பிரேம், வலை, அவுட்போர்ட் என்ஜின். அதே கெப்புதான் பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அறுகம்பைக்கும் பாணமைக்கும் போகிறது. இரண்டுக்கும் ஒரே ரெக் போதும். ஆனால் வேலைக்கு அளவெடுத்து அடித்த ரெக்கில்தான் கூடாரமும் ஏறும். கூடாரத்துக்கென்றே அழகாகச் செய்த ரெக் குழாய்க்கும் கம்பிக்கும் தாக்குப்பிடிக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றுவதில் ஆக நீளமானது எது, ஆகப் பாரமானது எது, ஆக ஈரமானது எது?

நீளம்தான் ரெக்கின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. பீ.வீ.சி. குழாய் 4 மீற்றர். டபிள் கெப்பின் பின்பெட்டியோ ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்தான். பெட்டிக்குள் போட்டால் பாதிக்கு மேல் வெளியே நீட்டும். ஆகவே குழாய் முன்பக்கக் கூரைக்கு மேலாகத்தான் போக வேண்டும். குறுக்குக் கம்பிகள் கூரையைவிட இரண்டு விரலாவது உயர்ந்திருக்கட்டும். நீட்டுகிற முனையில் சிவப்புத் துணி கட்டுவது பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்காக.

பாரமானதை ரெக்கில் ஏற்றவே கூடாது. நெல் மூட்டையும் சீமெந்தும் பெட்டியின் தரையில், முன்பக்கமாக இருக்கட்டும். ஈரமானதுக்கும் அதே சட்டம்தான். தண்ணீர் சொட்டும் வலையை மேலே போட்டால், உப்பு நீர் கூரை ஓரத்துத் தவாளிப்பில் இறங்கி, பெயின்டுக்கு அடியில் வேலையைத் தொடங்கிவிடும். ஆறு மாதம் கழித்துக் கறை தெரியும்போது தகரம் உள்ளே போயிருக்கும்.

இனிக் கூடாரம். வண்டிமேல் விரிக்கும் கூடாரம் 50 முதல் 70 கிலோ வரை வரும். அதைக் கூரைக்கு மேலே தூக்கி வைத்தால் வண்டியின் பாரமெல்லாம் தலையில் ஏறும். நமது வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. கச்சான் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கிறது. வயல்வெளியில் மறைப்பு இல்லாத இடங்களில், மடித்த கூடாரமும் ஒரு பாய்தான். எனவே நான் சொல்வது இரண்டு தட்டு ரெக்: கூரையைவிடத் தாழ்வாக ஒரு அடிச்சட்டம், அதன்மேல் போல்ட்டில் கழற்றி மாட்டும் இரண்டு உயரக் கால்கள். வேலை நாளில் கால்களைப் பூட்டிக் குழாயை ஏற்றுங்கள். பயணத்துக்குக் கழற்றிவிட்டு, தாழ்ந்த சட்டத்தில் கூடாரத்தை வையுங்கள்.

சுமை பற்றிக் கேட்கும்போது இரண்டு கணக்குக் கேளுங்கள். வண்டி ஓடும்போது எவ்வளவு தாங்கும், நிற்கும்போது எவ்வளவு தாங்கும்? கூடாரத்தோடு இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் ஏறிப் படுத்தால் 250 கிலோவைத் தொடும், அது நிற்கும்போது. ஓடும்போது குழியில் விழும் ஒவ்வொரு அடியும் பாரத்தைப் பெருக்குவதால், தாங்கும் எண் நிற்கும்போதுள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும். பாணமையிலிருந்து உகந்தை போகும் கிறவல் பாதைக்கு அதையும் குறைத்தே பாருங்கள்.

எதில் அடிப்பது? ஒன்றரை அங்குலம், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புப் பொக்ஸ் பார் மீற்றருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. ஒரு ரெக்குக்கு 16 மீற்றர் போனால் 37 கிலோ. அதே அளவு அலுமினியம் 13 கிலோதான்; ஆனால் அதை ஒட்டத் தெரிந்த கையைத் தேட வேண்டும், சல்லியும் கூட. வெறும் இரும்புக்கு மேல் பெயின்ட் என்பது சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்காற்றுக்கு நிற்காது. கெல்வனைஸ் பாரில் அடிப்பது நடுவழி. ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பெயின்ட் இரண்டு தடவை பூசச் சொல்லுங்கள். அது எரியும்போது வரும் புகை நல்லதல்ல, வெல்டிங் காக்காவை வெளியே காற்றில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பாரின் திறந்த முனைகளை மூடி, ஆகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை விடவும் வேண்டும். பார் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கிறது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் நடுவே நைலோன் வொஷர் வையுங்கள். உப்பு நீரில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்.

பூட்டும் விதத்தில்தான் கூடுதலாகக் கவனம் வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் நமது தெருக்களில் ஓடுகிற பல கெப்புகள் பழையவை, பெட்டித் தகரம் ஏற்கெனவே மெலிந்தவை. அதில் ஒட்டவும் வேண்டாம், முடிந்தவரை துளைக்கவும் வேண்டாம். பெட்டியின் விளிம்பில் கவ்வும் கிளேம்ப், அடியில் ரப்பர், பாரம் பரவ ஒரு நீளத் தகடு. ஒரு பக்கத்துக்கு மூன்று கிளேம்புக்குக் குறையக்கூடாது. கழற்றக்கூடிய ரெக்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு ஏற்ற பெட்டி வெறுமையாகக் கிடைக்கும்.

பிரேக் லைட்டும் இலக்கத் தகடும் மறையக்கூடாது. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியில்லாத உதிரிகளைக் கழற்ற வைத்தார்கள். கெப்புக்காரரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கூடாரம் உயரத்தில் இருப்பதால் யானைப் பயம் இல்லையென்று எண்ண வேண்டாம். லாகுகலையிலும் குமணையிலும் பழம், சோறு, உப்பு எதையும் பெட்டியில் இரவில் வைக்காதீர்கள். குமணைக்குள் தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

முழுப் பணத்தையும் ரெக் பூட்டிய அன்றே கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் மிச்சம் வைத்து, குழாயை ஏற்றிப் பொத்துவில் வரை ஒரு தரம் போய் வாருங்கள்; நூறு கிலோமீற்றர் தாண்டிவிடும். எல்லா நட்டையும் ஸ்பெனரால் தொட்டுப் பாருங்கள். இளகியவற்றை இறுக்கிக் கொடுத்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.