மூவாயிரம் சதுர அடி கௌரவம்

நெய்யாற்றின்கரையிலிருந்து பெருங்கடவிளைக்குப் போகும் வழியில் ரப்பர், வாழை, மரச்சீனி. நடுநடுவே ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகளில் இரண்டு மாடி வீடுகள். முன்னால் தூண் வைத்த சிட்அவுட், மொட்டைமாடிக்கு மேல் இரும்புச் சட்டமும் தகரக் கூரையும், பல வீடுகளில் கேட்டுக்குப் பூட்டு. பாறசாலை வழியாகக் களியக்காவிளையின் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் இதே காட்சிதான். வீடு கட்டப்போகிறவன் காதில் சொந்தபந்தம் ஓதுகிற சில வாக்குகள் இந்தப் பக்கம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

“சிறிசாகக் கட்டினால் நாலு பேர் மதிக்க மாட்டார்கள்.”

வேறு ஊர்க்காரர்கள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பெருங்கடவிளைக்காரர்கள் சொல்லக் கூடாது. இந்தப் பஞ்சாயத்துக்குள்தான் அருவிப்புறம் இருக்கிறது. 1888 சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றில் முங்கி ஒரு கல்லை எடுத்து வந்து, பாறைமேல் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். கோபுரமும் கல்மண்டபமும் எழும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சாதியின் பேரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்கு அந்த ஆற்றுக்கல் போதுமானதாக இருந்தது. கேரளத்தின் சமூக வரலாறும் அந்த இரவில் திரும்பியது. அதே குருதான் சிறுமிகளுக்குப் பேருக்கு நடத்தும் தாலிகெட்டுக் கல்யாணம், பூப்புச் சடங்கான திரண்டுகுளி போன்ற செலவுச் சடங்குகளை நிறுத்தச் சொன்னவர். கல்யாணத்துக்குப் பத்துப் பேர் போதும் என்று கணக்கே கொடுத்தார்: மணமக்கள், இருவரின் பெற்றோர், ஆளுக்கொரு தோழர், நடத்தி வைக்க ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் படத்தை வரவேற்பறையில் மாட்டிவிட்டு ஆயிரம் பேருக்குப் பந்தி விரிக்கிறோம். அது தனிக் கதை.

எல்லை தாண்டி தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த இடம். உள்ளே எத்தனை அறைகள் தாழ்ந்த கூரையோடு அடக்கமாக இருக்கின்றன, எத்தனை வாசலில் தலை குனிய வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நம் வரவேற்பறைகளின் உயரம் கொஞ்சம் உறுத்தும்.

“செலவு குறைந்த வீடு மழைக்கு நிற்காது.”

இந்தப் பேச்சு பெரும்பாலும் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரைத்தான் குறிவைக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்தவர். மருத்துவரான மலையாளிப் பெண் எலிசபெத்தை மணந்தவர். இமயத்தின் பித்தோராகடு மலைக்கிராமங்களில் பல வருடம் இருந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்தார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் தமக்கென வீடு கட்டி, 2007-இல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசி வரை பிடித்துக்கொண்டவர். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுசில் காபி குடித்தவர்கள் அவர் கைவேலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தின் (சி.டி.எஸ்.) வளாகத்தை 1970-களில் கட்டியவரும் அவரே. அன்று முதல் அத்தனை இடவப்பாதி மழையையும் துலாமழையையும் அது பார்த்துவிட்டது.

அவர் பரப்பிய வேலையில் இரண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். உள்பக்கம் ஒரு வரிசை 3 அங்குலம், வெளிப்பக்கம் ஒரு வரிசை 3 அங்குலம், நடுவில் 3 அங்குலம் வெற்றிடம். இரண்டையும் கோக்கக் குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதே 9 அங்குலம். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சாந்து அதைவிட அதிகமாக மிச்சம். நடுவிலுள்ள காற்று மேற்கு வெயிலை உள்ளே விடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, வார்ப்புக்குள் பழைய மங்களூர் ஓடு வைப்பது. கூரை வார்ப்பின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்பிக் கட்டங்களுக்கு நடுவே ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து மேலே வார்த்தால், கான்கிரீட் குறையும், பாரம் குறையும், அதனால் கம்பியும் குறையும்.

சுவரில் ஈரம் இறங்குகிறது, பாசி பிடிக்கிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பூசாத சுவருக்கு நன்றாக வெந்த செங்கல் வேண்டும், கூரையின் இறவாணம் வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு, பூச்சுக்கூலி மிச்சம் என்று மட்டும் பார்த்தால் சுவர் நனையத்தான் செய்யும். தட்டையான வார்ப்பு வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? பத்து வருடம் போனால் மொட்டைமாடி கசிய ஆரம்பிக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து அதற்கு மேலே சரிவாகத் தகரம் போடுகிறார்கள். ஓட்டு வீட்டில் தாத்தா காலத்திலேயே இருந்த சரிவு!

“அறைகள் கூடக் கூட வசதி.”

கேரளத்துப் புது வீடுகளில் இரண்டு அடுக்களை வந்து வெகுநாளாகிறது. முதலாவது ஷோ கிச்சன். கிரானைட் மேடையும் வார்னிஷ் மணமும் மாறாமல் இருக்கும். மீன் வறுப்பதும் தேங்காய் அரைப்பதும் பின்னாலுள்ள வொர்க் ஏரியாவில். மாடியறைகள் வருகிற விருந்தினருக்கு. விருந்தினர் சாப்பிட்டுவிட்டு அன்றே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் தூசி தினமும் வருகிறது. அதைப் பெருக்குவது வீட்டுப் படம் வரைந்தவரில்லை, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான்.

“கடன் பட்டாலும் பெரிய வீடு பிள்ளைகளுக்குச் சொத்து.”

எட்டரை சதவீத வட்டிக்கு, இருபது வருடத் தவணையில், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் மாதம் சுமார் 8,700 ரூபாய் போகும். முடிவில் கட்டியது 20 லட்சத்தைத் தாண்டும். அந்தக் கூடுதல் பத்து லட்சம் எங்கே போயிற்று என்று பார்த்தால், மேலே சொன்ன மாடியறைகளிலும் முதல் அடுக்களையிலும் நிற்கும். பிள்ளைகளோ வளைகுடாவிலும் கனடாவிலும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் பத்துக்கு ஒன்று வீதம், ஏறக்குறைய 12 லட்சம் வீடுகளும் கட்டிடங்களும் ஆளில்லாமல் கிடந்தன. வீடில்லாத குடும்பங்களும் அதே மாநிலத்தில்தான் இருந்தன.

அரசாங்கமே ஒரு கோடு போட்டிருக்கிறது. 1975-ஆம் வருடத்துக் கேரளக் கட்டிட வரிச் சட்டப்படி 100 சதுர மீட்டருக்குள், அதாவது 1,076 சதுர அடிக்குள் நிற்கும் குடியிருப்புக்கு, ஒருமுறை மட்டும் கட்டும் வரியிலிருந்து விலக்கு. 278.7 சதுர மீட்டரை, நம் கணக்கில் 3,000 சதுர அடியைத் தொட்டால் வருடந்தோறும் வரி; 1999-க்குப் பிந்திய வீடுகளுக்கு வந்த இதற்கு ஆடம்பர வரி என்றே பெயர் வைத்தார்கள்.

“அப்படியானால் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.”

இதுவும் தப்புதான். எளிமையைப் புகழ்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடும் இடமும் இதுதான். 1972-இல் முதலமைச்சர் அச்சுத மேனன் ஆட்சியில், வீட்டுவசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டம் கொண்டுவந்தார். சொந்தமாகக் கூரையில்லாத ஏழைகளுக்கு அது பெரிய காரியம். குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு பொதுச்சுவர். இந்தப் பக்கம் சண்டை என்றால் அந்தப் பக்கம் தூக்கம் போச்சு. கல்யாணமான மகனும் வயசான தாயும் ஒரே அறையில். ‘லட்சம் வீட்டுக்காரன்’ என்பது பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயராகவும் ஆனது. அந்த இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றப் பிறகு வந்த அரசுகள் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது. இன்று கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் 4 லட்ச ரூபாய் உதவியில் வீடு கட்டுகிற குடும்பத்திடம் போய், சின்னதில் நிறைவு காணுங்கள் என்று பேசுவதற்குத் தைரியம் மட்டும் போதாது, வெட்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். அவர்கள் கேட்பது இன்னொரு அறை. நியாயமாக அது அவர்களுக்குச் சேர வேண்டியது. சுருக்கச் சொல்லவேண்டிய ஆள் 3,000 அடிக்கு வரைபடம் போடுகிறவர்.

“பேக்கர் பாணி என்றாலே மலிவு.”

முன்பு சரி, இப்போது அப்படியே நம்ப முடியாது. செங்கல்லை நிறுத்திக் கட்ட நிதானம் வேண்டும். பூச்சு மறைக்காது என்பதால் கோணல் வெளியே தெரியும். பழகாத கொத்தனார் இரட்டிப்பு நாள் எடுத்தால், கல்லில் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடும். இந்த வேலையைப் பரப்பத்தான் 1985-இல் அச்சுத மேனன், பொருளியலறிஞர் கே.என். ராஜ், சந்திரதத் ஆகியோருடன் பேக்கர் சேர, காஸ்ட்ஃபோர்டு அமைப்பு தொடங்கியது. அவர்களிடம் போனாலும் சரி, ஊர்க் கொத்தனாரிடம் பேசினாலும் சரி, கட்டித் தரப்போகிறவர் முன்பு இப்படிக் கட்டிய வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். போவதானால் மழைக்காலத்தில் போங்கள்.