தாயும் குட்டியும்: படகிலிருந்து பார்ப்போரின் நம்பிக்கைகள்

தவிலாலும் நாதஸ்வரத்தாலும் பேர்பெற்ற அளவெட்டிக்குக் கடற்கரை இல்லை. எனினும் வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் கீரிமலையும் காங்கேசன்துறையும் இருப்பதாலும், யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவில் கூன்முதுகுத் திமிங்கிலங்களைத் தாயும் குட்டியுமாகக் காட்டும் படகுப் பயணங்கள் பெருகியிருப்பதாலும், அதே காட்சியைக் காங்கேசன்துறையில் வள்ளம் ஏறியே பார்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைக்கூடத் தாண்டாதது. பெருந்திமிங்கிலங்களோ ஆழ்கடல் கரையை நெருங்கிவரும் இடங்களையே நாடுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதாலும், தெற்கே மிரிஸ்ஸவில் கண்டமேடை, அதாவது கரையோடு ஒட்டிய ஆழமற்ற கடற்றரை, மிகவும் ஒடுங்கியிருப்பதாலும்தான் அவ்விரு இடங்களும் திமிங்கிலம் பார்ப்பதற்குப் பெயர்பெற்றன. அங்கும் பெரும்பாலும் கண்ணிற்படுபவை நீலத் திமிங்கிலமும், சதுரத் தலையும் பற்களும் உடைய ஸ்பேர்ம் திமிங்கிலமுமே.

கூன்முதுகுத் திமிங்கிலம் இப்பக்கம் அறவே இல்லை என்பதும் பிழை. உலகின் மற்றக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்கடலில் இரையுண்டு வெப்பக்கடலில் ஈனுவதற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வலசை போக, அரபிக்கடலில் வாழும் சிறு கூட்டம் ஒன்று மட்டும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஓமான் கரையோரம் இக்கூட்டத்தில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. 1966இல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் சட்டத்துக்குப் புறம்பாக 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றதை நினைத்தால் இந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. 2017இல் ஓமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கிலம் கடலைக் கடந்து இந்தியாவின் தென்மேற்குக் கரையோரம் வந்து சென்றது. அரபு மொழியில் லுபான் என்றால் சாம்பிராணி.

படகில் இருப்போர் பெரிதும் விரும்பும் கற்பனை, தாய், குட்டி, அருகே மூன்றாவதாக நீந்தும் பெரிய உடல் ஆகிய மூன்றையும் ஒரு குடும்பமாகக் காண்பதாகும். அந்த மூன்றாவது விலங்கு ஆணே. ஆயினும் தகப்பன் அன்று. கூன்முதுகு இனத்தில் ஆண் குட்டி வளர்ப்பில் பங்கு கொள்வதில்லை. ஈன்ற தாயோடு இணையும் வாய்ப்புக்காகவே அது பின்தொடர்கிறது, சிலவேளை வேறு ஆண்களோடு மோதவும் செய்கிறது. பாட்டைப் பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. கடல்தாண்டி ஒலிக்கும் அந்த நீண்ட பாட்டைத் தாயின் தாலாட்டென்று சொல்லிக் கேட்பதுண்டு. பாடுபவை ஆண்கள் மட்டுமே. மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் குடாவில் குட்டிகளின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டிப் பெற்ற, 2017இல் வெளியான ஆய்வு, தாயும் குட்டியும் மிகத் தாழ்ந்த ஒலியிலேயே பேசிக்கொள்வதைக் காட்டியது. கொலைத் திமிங்கிலங்களுக்கும் தொல்லை தரும் ஆண்களுக்கும் கேட்காதிருக்கவே இந்தக் கிசுகிசுப்பு என்பது ஆய்வாளர் கருத்து. நாதஸ்வர ஓசையில் வளர்ந்த ஊராருக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கக்கூடும்.

தாய் படகுக்கு அருகே அசையாது கிடப்பது மனிதர் மீதுள்ள அன்பினால் என்ற நம்பிக்கைதான் இவை எல்லாவற்றிலும் தீங்கானது. வலசை போகும் தாய் ஈனும் கடலில் ஏறத்தாழ உண்பதே இல்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே, ஏறக்குறைய நான்கு மீற்றர் நீளத்தில் பிறக்கும் குட்டிக்கு, கட்டித் தயிர் போன்ற பாலைச் சுரக்கிறது. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவே உள்ள கொழுப்பு, இப்பாலில் நாற்பது பங்கு வரை இருக்கலாம். ஆகவே அசையாது கிடத்தல் சிக்கனம். அன்பின் அடையாளம் அன்று. அதே எக்ஸ்மவுத் குடாவில், நூறு மீற்றர் தொலைவில் சென்ற படகிலிருந்து பல அளவுகளில் இயந்திர ஒலியை நீருக்குள் எழுப்பி, மேலிருந்து ட்ரோனால் பார்த்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், உச்ச ஒலியின்போது தாய் ஓய்வெடுக்கும் நேரம் 30 வீதம் குறைந்ததும், மூச்சு இருமடங்கானதும், நீந்தும் வேகம் 37 வீதம் கூடியதும் பதிவாயின. இலங்கையில் 2012இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் வலியுறுத்துவதும் நூறு மீற்றர் இடைவெளியையே. அந்த இடைவெளியில் நின்றாலும், உறுமும் இயந்திரத்தோடு நிற்கும் படகு தொல்லைதான் என்பதை இந்த ஆய்விலிருந்து ஊகிக்கலாம்.

திமிங்கிலம் தலையிலிருந்து பீய்ச்சுவது கடல்நீர் என்ற தவறான நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது நுரையீரலிலிருந்து வெளியேறும் சூடான மூச்சு.

தனியே மிதக்கும் குட்டி தாயால் கைவிடப்பட்டது என்ற எண்ணம் திருகோணமலைப் பயணிகளிடையே எழக்கூடியது. 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த திமிங்கில ஆய்வாளர் ஹால் வைட்ஹெட் குழுவினர் இக்கடலில் ஆராய்ந்த ஸ்பேர்ம் திமிங்கிலங்களில், பெண்களும் குட்டிகளும் கூட்டமாகவே வாழ்கின்றன. கணவாய் வகைகளைத் தேடி நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குத் தாய் இறங்கும்போது, அவ்வளவு ஆழத்தில் நெடுநேரம் மூச்சடக்க இயலாத குட்டி மேலேயே தங்கிவிடும். கூட்டத்தின் மற்றப் பெண்கள் ஒரேநேரத்தில் முக்குளிக்காமல் முறைவைத்து இறங்குவதால், குட்டியின் பக்கத்தில் அனேகமாக ஒரு பெரியது இருக்கும். முக்கால் மணிநேரம்வரை இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் படகோட்டிக்கு, சற்றுத் தள்ளி இடப்பக்கமாகச் சாய்ந்து எழும் மூச்சுப் புகையில் தாய் மீண்டது தெரிந்துவிடும்.