குச்சிக்கிழங்கும் அதற்குள் ஒளிந்திருக்கும் விஷமும்



நம் வெண்ணந்தூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் குச்சிக்கிழங்குக் காடுதான். புத்தகத்தில் மரவள்ளி என்று போட்டிருக்கும். நாம் தினமும் பார்க்கிற செடி என்பதால் அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம்தான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது.

எங்கள் வெள்ளாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, கிழங்கு பிடுங்கிய காட்டுக்குள் போய்க் கொழுந்துத் தழையைத் தின்றுவிட்டது. நான்தான் முடிச்சைச் சரியாகப் போடவில்லை. அரை மணி நேரத்தில் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கால் உதறி விழுந்தது. எங்க ஆயா ஓடி வந்து, "அய்யோ, குச்சித் தழையத் தின்னுபோட்டுதே, இனி பொழைக்காது கண்ணு" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் வருவதற்குள் ஆடு போய்விட்டது. சினை ஆடு.

அன்று ராத்திரி எனக்கு ஒரே யோசனை. இதே செடியின் கிழங்கை நாம் அவித்துத் தின்கிறோமே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? மறுநாள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

விஷம் எப்படி உண்டாகிறது?

குச்சிச் செடியின் இலை, தண்டு, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதியும் அதே செடியில் இருக்கிறது. ஆனால் இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். தீக்குச்சியும் தீப்பெட்டியும் மாதிரி! உரசாதவரை நெருப்பு இல்லை. ஆடு மெல்லும்போதும், நாம் கடிக்கும்போதும் செல்கள் உடைந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. அப்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷம் உண்டாகிறது. பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் இது.

சயனைடு உடம்புக்குள் போனால், இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் ஆடு மூச்சு வாங்கித் துடித்தது. கிழங்கைவிடத் தோலிலும் இலையிலும் விஷம் அதிகம். மழை இல்லாமல் செடி வாடும் காலத்தில் இன்னும் கூடும்.

நம் பாட்டிமார்கள் கண்ட வழி

ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். தண்ணீரிலும் கரையும். அதனால் கிழங்கின் வெளித்தோலையும் உள்பட்டையையும் சேர்த்து உரித்து, சின்னத் துண்டாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். எங்க ஆயாவுக்கு லினமாரின் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் "கசந்தா துப்பிப்போடு, வெந்த தண்ணிய வடிச்சுப்போடு" என்று சொல்வார். இரண்டும் சரிதான் என்று இப்போது தெரிகிறது. காட்டில் நெருப்புப் போட்டுச் சுட்டுத் தின்றால் விஷம் அந்த அளவுக்குப் போகாது. ஏனென்றால் கரைத்துக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை.

ஆப்பிரிக்காவில் நடந்தது

1981-ல் மொசாம்பிக் நாட்டில் பெரும் பஞ்சம். மற்றப் பயிர்கள் காய்ந்துபோக, மக்கள் கசப்பு மரவள்ளியை மட்டும் தின்றார்கள். பசியில் சரியாகக் காயவைக்கவும் பொறுமை இல்லை. பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போயிற்று. இந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர். காங்கோவில் ஒரு மொழியில் "கட்டப்பட்ட கால்கள்" என்று அர்த்தமாம். அந்தக் கால்கள் பிறகு குணமாவதில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. சயனைடு கொஞ்சமாக உள்ளே போனால் நம் உடம்பே அதை மாற்றி வெளியேற்றிவிடும். அதற்குக் கந்தகம் உள்ள புரதம் தேவை. 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. பஞ்சத்தில் அவர்களுக்குப் பருப்பும் மீனும் கிடைக்கவில்லை. கேரளாவில் கப்பையும் மீன்குழம்பும் சேர்த்துத் தின்பது எவ்வளவு நல்ல ஜோடி பாருங்கள்! நாமும் முட்டை, பருப்பு, கடலை ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அயோடின் உப்பும் அவசியம். சயனைடு மாறி உண்டாகும் பொருள் அயோடினைத் தடுத்து, கழுத்துக் கழலையைக் கொண்டுவரும்.

ஜவ்வரிசி சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். சேகோ ஆலையில் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, நிறையத் தண்ணீரில் கழுவி, மாவைப் படியவைத்து, உருண்டையாக்கி, வறுத்துக் காயவைக்கிறார்கள். விஷம் தண்ணீரோடு போய்விடும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அதில் மாவுச்சத்து மட்டும்தான் மிச்சம். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கலாம், வளரும் பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாது. பால்போல வெளுப்பாக இருந்தால்தான் நல்லது என்று நாம் கேட்பதால்தான், வெளுக்கும் ரசாயனம் சேர்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. கொஞ்சம் மங்கலாக இருப்பதே இயற்கை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? அதைச் சுத்திகரிக்காமல் விட்டால் புளித்து நாறும், கிணற்றையும் கெடுக்கும். அதே தண்ணீரில் எரிவாயு தயாரிக்கும் ஆலைகளும் நம் பக்கத்தில் உண்டு. எல்லா ஆலையும் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்.

தோழர்களே, தோழிகளே, நினைவில் வையுங்கள்!

1. பள்ளி விட்டுப் போகும்போது பச்சைக் கிழங்கைப் பிடுங்கிக் கடிக்காதீர்கள். (நானும் கடித்தவள்தான். இனி மாட்டேன்.) தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள்.

2. யாராவது தின்றுவிட்டுத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. ஆடு மாடு தழையையோ பச்சைத் தோலையோ தின்றுவிட்டால் காத்திருக்காமல் 1962-க்குப் போன் செய்யுங்கள். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசி உண்டு. நேரத்தோடு போட்டால் பிழைக்கும்.

4. கிழங்கு பிடுங்கும் மாதங்களில் ஆட்டுக் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

எங்கள் ஆட்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இதைப் படித்து உங்களில் ஒருவர் வீட்டு ஆடாவது பிழைத்தால் எனக்கு அது போதும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி