வீட்டையும் கிடங்காக்க வேண்டாம்

இரவு 10 மணிக்குக் கல்லாவை எண்ணிப் பூட்டிவிட்டு வீடு திரும்பும் வணிகர் கூடத்தில் எதைக் காண்கிறார்? கம்பெனிக்காரர்கள் கொடுத்த 3 கடிகாரங்கள், ஆணிக்கு ஒன்றாகக் காலண்டர்கள், ஸ்கீமில் வந்து இன்னும் பிரிக்காத பெட்டிகள். கடை அலமாரியைத் தூசு தட்டி அடுக்கும் நாம், வீட்டை இரண்டாவது கிடங்காகவே விட்டுவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான பாணிதான் மினிமலிசம். வெறும் சுவர், குறைந்த சாமான், நிறையக் காலி இடம். நல்லதுதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டைப் புதுப்பித்தபோது "பழசு எதுவும் வேண்டாம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அப்பா 40 வருடம் பேரேடு எழுதிய சாய்வு மேசை பழைய சாமான் வண்டியில் ஏறிப்போனது. கூடம் இப்போது பளிச்சென்றுதான் இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறையும் அப்படித்தான் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவழி உண்டு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வீடு சான்றாக நிற்கிறது. நாற்காலி வடிவமைப்பில் புகழ்பெற்ற சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1949-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் கட்டிக்கொண்ட வீடு அது. 2025 ஜனவரியில் அந்த வட்டாரத்தையே அழித்த காட்டுத்தீயிலும் தப்பியது. வணிகர்களான நமக்கு அதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இரும்புச் சட்டம், ஜன்னல் முதலியவை அந்த வீட்டுக்கென்று தனியாகச் செய்யப்பட்டவை அல்ல. தொழிற்சாலைகள் விலைப்பட்டியல் போட்டு விற்ற ரெடிமேட் சரக்கு!

வெளிக்கூடு அத்தனை சிக்கனம். உள்ளே போனால் வேறு கதை. பொம்மைகள், கிளிஞ்சல்கள், மெழுகுவத்திகள், பல நாட்டுத் துணிகள், புத்தகங்கள். கூரையிலிருந்து காய்ந்த முட்செடி உருண்டை ஒன்று தொங்குகிறது. 1941-இல் திருமணம் முடிந்து கலிஃபோர்னியாவுக்குக் காரில் வந்தபோது வழியில் எடுத்தது. சந்தையில் அதற்கு ஒரு காசு விலை கிடையாது.

இவ்வளவு இருந்தும் ஏன் அது கிடங்காகத் தெரியவில்லை? சட்டங்கள் நேர்கோடாக இருக்கின்றன, கூடம் உயரமாக இருக்கிறது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நம் கடையிலும் இதே கதைதானே? ஷோகேஸில் 5 புடவை வைத்தால் வாடிக்கையாளர் நிற்பார். 50 திணித்தால் எதையும் பாராமல் போவார்.

இந்தத் தம்பதியரை நம் அரசு அழைத்து, 1958-இல் ஓர் அறிக்கை பெற்றது. அதன் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் என்ன தெரியுமா? சொம்பு! எவ்வளவு நீர் கொள்ளும், எப்படித் தூக்குவது, எப்படி ஊற்றுவது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் திருந்தி வந்த வடிவம் என்றார்கள். அதைத்தான் நாம் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினோம். (பாத்திரக்கடை நண்பர்கள் மன்னிக்க!)

சரி, நம் வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கூடத்தில் உள்ளதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள். கடிகாரம் ஒன்று, காலண்டர் ஒன்று போதும். பிறகு ஒரே ஒரு சுவரையோ அலமாரியையோ உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அங்கு வைக்கும் ஒவ்வொன்றையும் பற்றி, வந்தவர் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்ல இருக்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லையா, அது சரக்கு, கடைக்கு அனுப்புங்கள். பித்தளையும் மரமும் ஓவியமும் கலந்திருக்கலாம், தவறில்லை. நடுவே மூச்சுவிட இடம் இருக்கட்டும்.

மீதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொலு பொம்மைகளை 9 நாள் வைத்து, பிறகு பெட்டியில் கட்டி வைக்கிறோம் அல்லவா? அதுபோல் மாற்றி மாற்றி வைக்கலாம். போகிக்கு முன்பாக வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுவிட்டுக் கழியுங்கள்; இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான் கேட்கவில்லை. மேசை போன பிறகு, பரணில் அம்மா ஒளித்து வைத்திருந்த பித்தளைத் தராசு கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்து, எதுவுமில்லாத வெள்ளைச் சுவரின் முன் ஒரு முக்காலியில் வைத்திருக்கிறோம். இடது தட்டு கொஞ்சம் நெளிந்திருக்கிறது. அதை நிமிர்த்த வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.