வாய் பேசா உயிர்களும் மருத்துவ ஆய்வும்

பிணி தீர்க்கும் மருந்துகளுட் பல, வாய் பேசா உயிர்களின் துன்பத்தோடு தொடர்புடையன. இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்க ஜோனஸ் சால்க் என்னும் அறிஞர் கண்ட மருந்து 1955 ஆம் ஆண்டில் பயனுடையதென அறிவிக்கப்பெற்றது. அதற்கு வேண்டிய நச்சுயிர்கள் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்பெற்றன. அதன்பொருட்டு நம் நாட்டுக் குரங்குகள் பல்லாயிரக்கணக்கில் மேனாடு சென்றன. அவ்வாண்டின் தொடக்கத்தில், இலண்டன் வானூர்தி நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன.

1959 இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கிற்கு மாற்றுக் காண்டல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை.

ஆயினும், நெறி வகுத்தல் மட்டும் போதாது. நிகழ்வன மக்களுக்குத் தெரிதலும் வேண்டும். மருத்துவத்திற்கென அனுப்பிய குரங்குகள் அமெரிக்காவில் படைத்துறைக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு உள்ளானமை வெளிப்பட்டபின், 1978 இல் இந்திய அரசு குரங்கு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் அரசு விலங்காய்வுகளின் எண்ணிக்கையையும், அவ்விலங்குகள் உற்ற துன்பத்தின் அளவையும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றது.

குழந்தையை நோயினின்று காத்தல் அறமே. அதன்பொருட்டுத் துன்புறும் உயிருக்கு இரங்குதலும் அறமே. இவ்விரண்டனையும் ஒருங்கே போற்றுவோர் தம் செயலை மறைக்க வேண்டுவதில்லை.